கோயிலால் காயப்பட்டவர் வீட்டுக்குப் போகும்போது

காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், பள்ளத்தூர், கோட்டையூர் என்று எந்த ஊரை எடுத்தாலும், ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயில் பூசைக்கு வந்துகொண்டிருந்து திடீரென்று நின்றுபோன குடும்பம் ஒன்றாவது இருக்கும். ஏன் வருவதில்லை என்று அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடும் செபக் குழு) கேட்டால், "அவங்களுக்கு விசுவாசம் கொறஞ்சு போச்சு" என்பார்கள். விசாரித்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். கோயில் வரி பாக்கி என்று எல்லார் முன்னாலும் பேர் வாசித்திருப்பார்கள். தூக்குப் போட்டுக்கொண்ட மகனுக்குக் கோயிலில் பூசை கிடையாது என்றிருப்பார்கள். சப்பரம் தங்கள் தெருவுக்கு மட்டும் வராது என்பதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்திருப்பார்கள். உபவாச ஜெபத்தில் "மாத்திரையை நிறுத்து, ஆண்டவர் பாத்துக்குவார்" என்று சொன்னதை நம்பித் தாயைப் பறிகொடுத்திருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்கப் போகிற அன்பியப் பொறுப்பாளர், உபதேசியார், சிஸ்டர், சபை மூப்பர், பக்கத்து வீட்டு அக்கா ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: அவரைத் திரும்பக் கோயிலுக்குக் கூட்டிவருவது உங்கள் வேலை இல்லை. அந்த எண்ணத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால், நீங்கள் எவ்வளவு மறைத்தாலும் பத்தே நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை ஏமாந்தவர், பேச்சை மாற்றிவிட்டுக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்.

போகும் முன் யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுசாகப் படியுங்கள். பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்குப் பார்வை கிடைக்கிறது. மதத் தலைவர்கள் அவரைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். பெற்றோர் பயந்து, "அவனையே கேளுங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைசியில் அவரை வெளியே தள்ளுகிறார்கள். 35ஆம் வசனத்தில், தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட இயேசு தாமே தேடிப் போய் அவரைக் காண்கிறார். "போய் அவர்களோடு சமாதானம் ஆகு" என்று அவர் சொல்லவில்லை. இதை உங்களுக்காகப் படியுங்கள். அந்த வீட்டில் போய் வாசிக்க வேண்டாம்.

போகும் முன்

சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்காதீர்கள். அவர் நம்புகிற ஒருவர் மூலமாகவோ போனிலோ "ஒரு நாள் வந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். "எதுக்கு?" என்று கேட்டால், "நடந்தது சரியில்லைன்னு நெனைக்கிறோம். நீங்க சொன்னா கேக்கணும்னு இருக்கு" என்று உள்ளதைச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஒரே ஒருமுறை மறுபடி கேட்கலாம்.

இரண்டு பேர் போதும். ஆறேழு பேர் சேர்ந்து போனால் அது பஞ்சாயத்து. காயப்பட்டவர் பெண்ணாக இருந்தால் இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். சாதியால் புண்பட்ட வீடு என்றால், புண்படுத்திய தெருவிலிருந்து மட்டும் ஆள் போகக் கூடாது. அங்கே தண்ணீர் கொடுத்தாலும் காப்பி கொடுத்தாலும் வாங்கிக் குடியுங்கள். "இப்பத்தான் குடிச்சிட்டு வந்தோம்" என்ற வார்த்தை உண்மையாகவே இருந்தாலும், அந்த வீட்டில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு. சர்க்கரை வியாதி இருந்தால் சர்க்கரை இல்லாமல் கேட்டு வாங்குங்கள்.

கையில் பைபிள், செபமாலை, எண்ணெய்ப் புட்டி, கோயில் காலண்டர், நன்கொடைப் புத்தகம் எதுவும் வேண்டாம். பங்குத்தந்தை வருவதானால் அங்கி இல்லாமல் வரட்டும். ஞாயிறு, கொடியேற்ற நாள், தவக்கால வெள்ளி, நவம்பர் 2 கல்லறைத் திருநாள் ஆகியவற்றைத் தவிருங்கள். கோயில் மணிச் சத்தமே சிலருக்கு வயிற்றைப் பிசையும். நம் பக்கத்து வெயிலுக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் போவது நல்லது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம்.

எங்கே உட்காருவது என்பதையும் யோசியுங்கள். திண்ணையில் பேசினால் தெரு கேட்கும். நாலைந்து குடித்தனம் இருக்கிற பழைய வீடானால் வளவில் (உள்முற்றத்தில்) பேசுவது அத்தனை அறைக்கும் போகும். "உள்ள போயிருவமா, இல்ல ஊருணிப் பக்கம் நடப்பமா?" என்று அவரையே கேளுங்கள். இடத்தை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். இதுவரை எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் அவருக்காகத் தீர்மானித்திருக்கிறார்கள்.

முதல் நாள் பேச்சு

ஒருவர் பேசட்டும், மற்றவர் கேட்கட்டும். ஆரம்பிக்க ஒரு வாக்கியம் போதும்: "எங்கேருந்து சொல்லணும்னு தோணுதோ அங்கேருந்து சொல்லுங்க. சொல்லப் பிடிக்கலன்னா சும்மாவும் இருக்கலாம்." அதன் பிறகு வாயை மூடிக்கொள்வதுதான் கஷ்டமான வேலை. யோபுவின் நண்பர்கள் ஏழு பகல் ஏழு இரவு ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை எல்லாம் சரி. வாயைத் திறந்து கடவுளுக்காக வாதாடத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது தம்மைத் திட்டிய யோபு மேல் அல்ல, தமக்காக வாதாடியவர்கள் மேல்.

அவர் சொல்லி முடித்ததும் அவர் சொன்னதையே சுருக்கித் திருப்பிச் சொல்லுங்கள்: "அம்மா செத்த அன்னைக்கு, பாக்கியக் கட்டுனாத்தான் மணி அடிப்போம்னு சொல்லிட்டாங்க. நீங்க நகைய வச்சுக் கட்டுனீங்க. அப்படித்தானே?" தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துவார். சரியாக இருந்தால், பல வருடத்தில் முதல்முறையாக யாரோ நம்பியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். பிறகு ஒரே ஒரு தீர்ப்பைச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்: "அது தப்பு. உங்களுக்கு அப்படி நடந்திருக்கக் கூடாது." நடுநிலையாக இருக்கிறேன் என்று இந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டால், நீங்களும் அந்தப் பக்கம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

இந்த இடத்தில் நாக்கில் தானாக வந்து நிற்கும் சில வார்த்தைகள் உண்டு. "மனுசனப் பாக்காதீங்க, ஆண்டவரைப் பாருங்க" என்பது அதில் முதல். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் காயப்படுத்தியவர் ஆண்டவர் பேரைச் சொல்லித்தான் காயப்படுத்தினார்; பீடத்தில் நின்றுதான் திட்டினார். அவர் மனதில் இரண்டையும் பிரிக்க முடியாமல் ஒட்டிப்போயிருக்கிறது, அதுதானே வலியே! "எல்லா சாமியாரும் அப்படி இல்ல" என்றால், அவர் கதையை விட நிறுவனத்தின் மானம் உங்களுக்குப் பெரிது என்று ஆகிறது. "இதையும் ஒரு செலுவையா ஏத்துக்கங்க" என்றால், சுமத்தியவரைத் தப்பவிடுகிறீர்கள். தாங்க முடியாத சுமைகளைக் கட்டி மக்கள் தோளில் வைப்பவர்களை இயேசு கண்டிக்கிறார் (மத்தேயு 23:4); சுமப்பவரை அல்ல.

"மன்னிச்சிருங்க" என்ற ஆலோசனையையும் முதல் நாள், ஏன், முதல் வருடமே கூட, எடுக்காதீர்கள். மன்னிப்பு உண்டு, அது நம் விசுவாசத்தின் நடுவில் இருக்கிறது. ஆனால் யோசேப்பு கூடத் தன்னை விற்ற அண்ணன்மாரைக் கண்ட முதல் நாளே கட்டிப்பிடிக்கவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று பார்த்தார், தனியே போய் அழுதார், பிறகுதான் தான் யார் என்று சொன்னார். மன்னித்தாலும், காயப்படுத்தியவரோடு பழைய உறவு வேண்டியதில்லை என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்.

பேசும்போது கை நடுங்கினால், கண் ஒரே இடத்தில் நிலைகுத்தினால், மூச்சு வாங்கினால், கதையைத் தொடரச் சொல்லாதீர்கள். "இப்ப நிறுத்திக்குவோம்" என்று சொல்லித் தண்ணீர் கொடுங்கள். செருப்பில்லாமல் பாதத்தைத் தரையில் நன்றாகப் பதிக்கச் சொல்லுங்கள். பூ வேலைப்பாடுள்ள ஆத்தங்குடிக் கல் போட்ட தரையாக இருந்தால் அதைவிட வசதி இல்லை: கல்லின் குளிர்ச்சி உள்ளங்காலில் தெரியும், எதிரில் பூ இருக்கும். "இந்தப் பூவுல எத்தனை நெறம் இருக்கு? ஓரத்துல என்ன கோடு போட்டிருக்கு?" என்று மெதுவாகக் கேட்டு எண்ண வையுங்கள். சிமெண்டுத் தரையானால் கண்ணில் படுகிற ஐந்து சாமான்களின் பேரைச் சொல்லச் சொல்லலாம். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். மூடினால் பழைய இடத்துக்கே போய்விடுவார். தோளைத் தொடாதீர்கள். தலையில் கை வைத்துச் செபிக்கிறேன் என்று கிளம்பவே கூடாது. அந்தக் கைதான் பலருக்கு முதல் காயம்.

செபம் வேண்டுமா என்று ஒருமுறை கேட்கலாம். "வேண்டாம்" என்றால் "சரி" என்று எழுந்திருங்கள். "நாங்க மனசுக்குள்ள செபிச்சுக்குறோம்" என்று அறிவிப்பதும் திணிப்புதான். வேண்டும் என்றால் 88ஆம் சங்கீதம் பொருத்தம். ஆறுதலே வராமல் இருளோடு முடிகிற சங்கீதம் அது. இப்படி ஒரு செபமும் வேதத்தில் இருக்கிறதா என்று ஆச்சரியப்படுவார்கள்.

கிளம்பும்போது அடுத்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். வியாழன் ஐந்து மணி என்றால் வியாழன் ஐந்து மணி. நல்ல சமாரியர் சத்திரக்காரரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்துவிட்டு, திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருப்பதை விட, முதலிலேயே போகாமல் இருப்பது நல்லது.

வாய்க்குப் பூட்டு

இங்கேதான் பெரும்பாலும் எல்லாம் பாழாகிறது. கெட்ட எண்ணத்தால் அல்ல, செபத்தால். அன்பியக் கூட்டத்தில் "பேர் சொல்லல, நம்ம பகுதியில கஷ்டத்துல இருக்குற ஒரு குடும்பத்துக்காக மன்றாடுவோம்" என்று சொன்னால் போதும், பேர் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். வாட்சப் குரூப்பில் செப விண்ணப்பமாகவும் போடக் கூடாது. பங்குப் பேரவை அறிக்கையில் எழுதக் கூடாது. யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்றால், "இன்னாரிடம், இந்த அளவுக்குச் சொல்லட்டுமா?" என்று அவரிடமே அனுமதி கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்று தெரிந்தால், அதைக் காவல்துறையிடம் சொல்லியாக வேண்டும். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு அது. சொல்லாமல் மறைப்பதும் குற்றம். பாவசங்கீர்த்தன (பாவ அறிக்கை) இரகசியம் குருவுக்கு உரியது. உங்களுக்கு அது கிடையாது. ஆகவே ஒரு பிள்ளையிடம் "யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன்னைப் பாதுகாக்க எது தேவையோ அத மட்டும், தேவையானவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். சொன்னதை அதே வார்த்தையில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலேயே வாங்கலாம், எழுதிக்கொள்ளும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. இதைத் தெரிந்தாலே குடும்பத்துக்குப் பாதிப் பயம் போகும்.

"முதல்ல ஆயருக்கு எழுதுவோம், அப்புறம் போலீஸ் பாக்கலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இரண்டும் நடக்கலாம், ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கக் கூடாது. பிரான்சிஸ் பாப்பரசர் 2019இல் கொடுத்து 2023இல் நிலைப்படுத்திய சட்டத்தின்படி, புகார் கொடுத்தவரை வாய் திறக்காதே என்று கட்டுப்படுத்தத் திருச்சபையில் யாருக்கும் உரிமை இல்லை. மருத்துவ, மனநல உதவி தர வேண்டிய கடமையும் அதிலேயே இருக்கிறது.

காயத்துக்குத் தக்கபடி

மருந்தை நிறுத்தியவர் வீட்டில் மற்ற எல்லாப் பேச்சும் அப்புறம். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வரலாம். மனநல மாத்திரையும் அப்படித்தான், நிறுத்துவதற்கு ஒரு முறை உண்டு. பழைய சீட்டைப் பார்த்து நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்கவும் வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். "எனக்கு விசுவாசம் இல்லாததாலதான் கொணமாகல" என்று அவர் சொன்னால், இவன் செய்த பாவமும் இல்லை, இவன் பெற்றோர் செய்த பாவமும் இல்லை என்று அதே யோவான் 9ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்வதை வாயால் சொல்லுங்கள்.

தற்கொலை நடந்த வீட்டில் இன்னும் பழைய சட்டமே நடப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவர்களுக்கு அடக்கத் திருப்பலியை மறுத்தது உண்மை. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. தற்கொலை செய்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்று மறைக்கல்வி நூல் 2283ஆம் எண்ணில் சொல்கிறது. அன்றைக்கு மறுக்கப்பட்டது போனதுதான். ஆனாலும் அவருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். பொதுச் சுடுகாட்டுப் பக்கம் புதைத்திருந்தாலும் குரு அங்கேயே போய் அந்தக் கல்லறையை மந்திரிக்கலாம் (ஆசீர்வதிக்கலாம்). குடும்பம் விரும்பினால் மட்டும். "பத்து வருசம் கழிச்சு எதுக்கு?" என்று கேட்டால் அதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு.

புருசன் அடிக்கிறான் என்று வந்தவளைப் "பொறுத்துப் போ ஆத்தா, கல்யாணம் தேவதிரவிய அனுமானம்" (திருவருட்சாதனம்) என்று திருப்பி அனுப்பியிருந்தால், அது திருச்சபைச் சட்டப்படியே தவறு. உடலுக்கோ மனதுக்கோ பெரிய ஆபத்து என்றால் பிரிந்து வாழ அந்த 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1153ஆம் எண் இடம் கொடுக்கிறது. தாமதம் ஆபத்து என்றால் அவளே முடிவெடுத்துக் கிளம்பலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பிரிந்து தனியாக வாழ்கிறாள் என்பதற்காக நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாது என்று சொல்வதும் சரியில்லை.

சாதிக் காயத்துக்கு ஆறுதல் வார்த்தை போதாது. தனிக் கல்லறை இருக்கும்போது "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று" என்று சொல்வது புண்ணில் உப்பு. இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை தீண்டாமையைப் பெரும் பாவம் என்கிறது. அதைப் பங்குப் பேரவை மேசையில் வைத்து, சப்பரம் எந்தத் தெரு வழியாக, பேரவையில் யார், பீடச் சிறுவரில் யார், கல்லறையைப் பிரிக்கும் சுவர் எப்போது இடிபடும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகும்போது கொண்டுபோக அதுதான் வேண்டும்.

நரக பயத்தில் வளர்ந்து, ஒரே பாவத்தைப் பத்துமுறை சங்கீர்த்தனம் செய்கிறவர்கள் உண்டு. "உங்க பாவம் போச்சு" என்று ஒவ்வொரு தடவையும் உறுதி சொன்னால் பயம் இன்னும் வளரும். ஒரே குருவிடம் மட்டும் போவது, அவர் சொன்னதற்கு மேல் தோண்டாதது, இவை பழைய காலத்திலிருந்தே சொல்லி வருகிற வழி. கை கழுவுவது, எண்ணுவது போன்ற பழக்கமும் சேர்ந்திருந்தால் அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நோய். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். உயிரை விடுகிற எண்ணம் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. இருக்கிறது என்றால் தனியாக விடாதீர்கள்.

மன்னிப்புக் கேட்பது

தப்பு செய்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். அப்போதும் பங்குச் சமூகம் மன்னிப்புக் கேட்கலாம், கேட்க வேண்டும். பேர் வாசித்து அவமானப்படுத்தியது எல்லார் முன்னாலும் என்றால், மன்னிப்பும் அவர் சம்மதித்தால் எல்லார் முன்னாலும். "யார் மனசாவது புண்பட்டிருந்தா" என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த நாள், என்ன செய்தோம், அது ஏன் தப்பு, இனி என்ன மாற்றியிருக்கிறோம் என்று நாலு வாக்கியம் எழுதுங்கள்; அவரிடம் முதலில் காட்டுங்கள்; அவர் அடித்துத் திருத்தட்டும். மிரட்டி வாங்கிய பணம் என்றால் ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். சக்கேயு நாலு மடங்கு கொடுப்பதாகச் சொன்னான். நாம் ஒரு மடங்காவது கொடுக்கலாம். கடைசியில் "எங்கள மன்னிச்சிருங்க" என்று பதிலை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். அது மறுபடியும் அவர் மேல் ஒரு சுமை.

வேறு மதத்துக்காரர் என்றால்

செட்டிநாட்டில் நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் சைவ வீடுகள். வெளியே கல்யாணம் செய்துகொண்டதால் கோயில் புள்ளியில் (குலக்கோயில் உறுப்பினர் கணக்கில்) சேராமல் போன பிள்ளை, தாலி இறங்கிய நாளிலிருந்து எந்த நல்ல காரியத்துக்கும் முன்னால் நிற்கக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஆச்சி, இவர்களும் மனம் விட்டுப் பேசுவார்கள். கேளுங்கள், கூட இருங்கள். "எங்க கோயிலுக்கு வாங்க, இங்க அப்படியெல்லாம் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். முதலாவது, அது உண்மை இல்லை. மேலே எழுதிய பக்கங்களே சாட்சி. இரண்டாவது, அழுகிறவரின் காயத்தை வாசலாக ஆக்கக் கூடாது. அவர் தன் சாமியைக் கும்பிடுவதில் அவருக்கு நிம்மதி இருந்தால் அதைக் குலைக்க உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

அவராக மறுபடி செபிக்க விரும்பினால்

சொந்தப் பங்குக்கே கூட்டிப்போக அவசரப்படாதீர்கள். ஓரியூருக்குச் சாதாரண வாரநாளில் போகலாம். 1693இல் அருளானந்தர் (புனித ஜான் டி பிரிட்டோ) வெட்டுப்பட்ட மண் அது, திருவிழாக் கூட்டம் இல்லாத நாளில் யாரும் யாரையும் "எங்க இத்தன நாளா காணோம்?" என்று கேட்க மாட்டார்கள். பின்வரிசையில் கதவோரமாக உட்காருங்கள். நடுவில் எழுந்து போக வேண்டும் என்றால் கூடவே எழுந்து வெளியே வாருங்கள், காரணம் கேட்காதீர்கள். நன்மை வாங்கும் வரிசைக்குக் கண்ணால் கூடக் கூப்பிடாதீர்கள். பாட்டு, சாம்பிராணி, அங்கி இவற்றில் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பும் வழியில் அவராகச் சொன்னால், அடுத்த தடவை அது இல்லாத நேரமாகப் பார்த்துப் போகலாம்.

அவர் வராமலே இருந்துவிடலாம். அப்போதும் வியாழக்கிழமை ஐந்து மணி மாறக் கூடாது. ஆறு மாதம் கழித்து வாரம் ஒருமுறை என்பது மாதம் ஒருமுறை ஆகட்டும். அதையும் அவரிடம் சொல்லிவிட்டே குறையுங்கள். "இனிமே வர வேண்டாம்" என்றால், "சரிங்க. நீங்க கூப்பிட்டா வருவோம்" என்று சொல்லி, போன் நம்பரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். தெருவில் பார்க்கும்போது முன்னைப்போலவே நின்று பேசுங்கள். மார்க்கெட் விலை, பிள்ளைகள் படிப்பு, மழை, எதுவானாலும்.